பால் சேராத பாயசம்

அது ஒண்ணுமில்லீங்க அம்மிணி, நாளைக்கு என்னென்ன சமைக்கறதுன்னு எழுதிட்டிருக்கறேன். பஸ்ஸு ஆடற ஆட்டத்துல என் எழுத்து எனக்கே புரியல. எட்டிப் பாத்ததுல ஒண்ணும் தப்பில்லீங்க, நல்லாப் பாருங்க. என் தம்பி பையனுக்கு நாளைக்குப் பொறந்த நாளு. ஆறு வயசு முடியுது. கோயமுத்தூர்ல இருக்கறாங்க. முப்பது பேரு வருவாங்களாம், அதுல பாதி வாண்டுக. அத்தனை பேருக்கும் நாந்தான் சமைக்கறேன். கடையில ஒரு சாமான் வாங்கறதில்லை. தண்ணியைத் தவிர எல்லாம் என் கையாலதான்.

நீங்க சமைப்பீங்களா? அப்ப இதுக்கு ஒரு வழி சொல்லுங்க பாக்கலாம். பால் கூடாது. தயிர், மோர், நெய், வெண்ணெய் எதுவுங் கூடாது. முட்டை கூடாது. கோதுமை, மைதா, ரவை கூடாது. கடலைக்காய், அதான் வேர்க்கடலை, கூடவே கூடாது. இத்தனையும் தள்ளிப்போட்டுப் பொறந்த நாளுக்கு விருந்து வெக்கணும். என்ன செய்வீங்க? பாத்தீங்களா, முழிக்கறீங்க. எல்லாரும் முழிக்கத்தான் செய்வாங்க. நான் ஒரு வருசமா இதே வேலையாக் கெடந்து பழகிட்டேன். இடியாப்பமாட்டம் சந்தகை புழிஞ்சு தேங்காப்பால் ஊத்திருவேன். தக்காளி சாதம், உருளைக்கெழங்கு வறுவல், எல்லாமே தேங்காயெண்ணெய்லதான். பாசிப்பருப்புப் பாயசம், பாலுக்குப் பதிலா தேங்காப்பாலு, நாட்டுச் சக்கரை. கேக்குக்கு அரிசி மாவுல கருப்பட்டியும் வாழைப்பழமும் போட்டுப் பெசைஞ்சு, இட்லிக் குண்டாவுல வேக வெச்சு எடுத்துருவேன். மேல மெழுகுவத்தி நட்டா கேக்குதானுங்களே. போன பொங்கலுக்கு ஒத்திகை மாதிரி செஞ்சு பாத்தேன். பக்கத்து வூட்டு டீச்சரம்மா ரெண்டு துண்டு கேட்டு வாங்கிச் சாப்புட்டாங்க.

யாருக்கு ஆகாதுன்னா கேக்கறீங்க? பையனுக்குத்தான். யுகன்னு பேரு. பாலு ஆகாது, முட்டை ஆகாது, கோதுமை ஆகாதுன்னு வெச்சிருக்கறாங்க.

ஆகாதுங்க. ஆகாதுன்னுதான் டாக்டரு சொல்லிப்போட்டாரு.

முன்னாடி அப்படி இல்லீங்க. எங்க வூட்டுல ரெண்டு எருமை, ஒரு மாடு. லீவுக்கு வந்தான்னா காலையில டம்ளரைத் தூக்கிட்டு நேரா கட்டுத்தாரைக்கு வந்துருவான். கறந்த சூட்டோட காச்சிக் குடுப்பேன். மீசை மாதிரி நுரை ஒட்டியிருக்கும், அதைத் தொடைக்க உடமாட்டான். இப்ப வந்தா மாட்டைத் தடவிக் குடுத்துட்டுப் போயிர்றான். எளைச்சுப் போயிட்டானுங்க. அவங்கூடப் படிக்கற பசங்க இவன் தலைக்கு மேல வளந்துட்டாங்க. தலையில கை வெச்சா எலும்பு தட்டுப்படுது. சரி, அதை விடுங்க.

என் தம்பி பூபதி இருக்கறானே, அவன் எனக்குத் தம்பி மட்டுமில்லீங்க. எங்கம்மா போறப்ப அவனுக்கு ஏழு வயசு, எனக்கு இருவத்தொண்ணு. எனக்குன்னு ஒண்ணும் பொறக்கல. அவனைத்தான் புள்ளையா வளத்தேன். எங்க காட்டுல கடலைக்காய்தான் வெள்ளாமை. செம்மண்ணு பாருங்க, கொத்துக் கொத்தாப் புடிக்கும். அதைப் போட்டு, அதைப் புடுங்கி, அதை வித்துத்தான் அவன் இன்ஜினியரு ஆனான். சாயந்தரம் பள்ளிக்கூடம் விட்டு வந்தா வேக வெச்ச கடலைக்காய் ஒரு போசி நெறைய வெச்சிருப்பேன். தோலு மலையாட்டம் குமிஞ்சிருக்கும். அப்படி வளந்தவனுங்க.

கண்ணாலம் நல்ல எடத்துலதான் பண்ணுனோம். புள்ளை பேரு சிந்துஜா. படிச்ச புள்ளை. குத்தம் சொல்ல ஒண்ணுமில்லை. என்னைய அண்ணி அண்ணின்னு மரியாதையாத்தான் கூப்புடுவா. என்ன, எல்லாத்துக்கும் ஒரு சட்டம் வெச்சிருப்பா. பையனுக்கு ரெண்டு வயசு இருக்கறப்ப யாரோ கடலை மிட்டாய் குடுத்து, ஒதடு வீங்கிப் போச்சு. அன்னியோட அந்த வூட்டுக்குள்ள கடலைக்காய் போகக் கூடாது. எண்ணெய் கூடாது. மிட்டாய் கூடாது. நான் ஊர்ல இருந்து போனா, வாசல்லயே பையைத் தொறந்து பாப்பா. "அண்ணி, தப்பா நெனைக்காதீங்க, சோப்புப் போட்டுக் கை கழுவிட்டு வந்துருங்க"ம்பா. ஒருதடவை சேலையே மாத்தச் சொன்னா. முந்தியில கடலைத் தோலு ஒட்டியிருந்துச்சாம்.

நீங்களே சொல்லுங்க அம்மிணி, மனசு எப்படி இருக்கும்? எந்தக் கடலைக்காய் அவ புருசனைப் படிக்க வெச்சுதோ, அதைக் கொண்டுட்டுப் போனா வெசத்தைக் கொண்டுட்டு வந்தவ மாதிரி வாசல்ல நிக்க வெக்கறா. எங்க வூட்டுல யாருக்குங்க ஆகாமப் போச்சு? எங்கய்யன் எம்பது வயசு வரைக்கும் பச்சைக் கடலை மென்னாரு. இதெல்லாம் டவுனுப் புள்ளைக கௌப்பற சீக்குன்னு நெனைச்சேன். அப்படித்தான் நெனைச்சேன், பொய் சொல்ல மாட்டேன்.

குன்னத்தூர் வந்துருச்சா? நீங்க அவினாசிக்கு அப்புறந்தானே? சரி, நேரமிருக்குது.

போன வருசம் அஞ்சாவது பொறந்த நாளு. அப்பவும் நாந்தான் சமைச்சேன். அப்ப இத்தனை கட்டுப்பாடு இல்லை. கடலைக்காய் மட்டுந்தான் கூடாது. சப்பாத்தி, காய்கறிக் குருமா, தக்காளி சாதம், கேசரி. கேக்கு மட்டும் அவங்க தெரு முக்குல இருக்கற பேக்கரியில சொல்லியிருந்தாங்க. சிவதாசன்னு ஒருத்தரு வெச்சிருக்கறாரு, கேரளாக்காரரு, நல்ல மனுசன். சிந்துஜா அவருகிட்டயும் பத்துத் தடவை சொல்லியிருந்தா. அவரு தனியாப் பாத்திரங் கழுவிச் செஞ்சாராம்.

கேக்கு வெட்டினாங்க, எல்லாரும் பாடுனாங்க, அப்புறஞ் சாப்புட உக்காந்தாங்க. யுகனுக்கு நாந்தான் ஊட்டிவிட்டேன். ரெண்டு சப்பாத்தி நல்லாத்தான் சாப்புட்டான். "அத்தை, நாக்கு அரிக்குது"ன்னான். காரமா இருக்கும், தண்ணியக் குடிடா கண்ணுன்னேன். கொஞ்ச நேரத்துல கண்ணு வீங்கிருச்சு. ஒடம்பெல்லாந் தடிப்பு. மூச்சு விசில் மாதிரி வருது. சிந்துஜா கத்துனா பாருங்க, அந்தச் சத்தம் இன்னும் என் காதுல இருக்குது. தூக்கிட்டு ஓடுனாங்க. பக்கத்துலயே ஒரு ஆஸ்பத்திரி. தொடையில ஊசி போட்டு, ரெண்டு நாளு வெச்சிருந்து காப்பாத்திப்போட்டாங்க. சாமி புண்ணியம்.

என்னத்தால வந்துச்சுன்னு யாருக்குந் தெரியல. கேக்காத்தான் இருக்கும்னாங்க. பூபதி போயி பேக்கரி வாசல்ல நின்னு, வாயில வராத வார்த்தையெல்லாம் சொல்லிக் கத்திப்போட்டு வந்துட்டான். அவனுக்குக் கோவம் வந்து நான் பாத்ததே இல்லை. மக்கா நாளு விடிஞ்சதும் அந்த சிவதாசன் ஆஸ்பத்திரிக்கே வந்துட்டாருங்க. கையில ஒரு பெரிய பை. கேக்குக்குப் போட்டதெல்லாம் அப்படியே கொண்டாந்திருக்கறாரு. மைதாப் பாக்கெட்டு, வெண்ணெய் சுத்தின காயிதம், எசன்சு பாட்டலு, முட்டை அட்டை கூட. டாக்டரு மேசை மேல ஒவ்வொண்ணா எடுத்து வெச்சு, "ஸார், நல்லா நோக்குங்க, எங்கயாச்சும் கடலை இருக்குதா"ன்னு கேக்கறாரு. மனுசன் அழுகறாரு. நான் கட்டிலோரத்துல நின்னு பாத்துட்டுத்தான் இருந்தேன்.

டாக்டரு எல்லாத்தையும் படிச்சுப் பாத்தாரு. கடலை இல்லை. அப்ப வேற ஏதோ ஒண்ணு பையனுக்குப் புதுசா ஆகாமப் போயிருக்குதுன்னு சொல்லிட்டாரு. ரத்தம் எடுத்துப் பாத்தாங்க. எல்லாத்துலயும் கொஞ்சங் கொஞ்சங் காட்டுதாம். பாலா, முட்டையா, கோதுமையா, எதுன்னு தெரியற வரைக்கும் மூணையும் நிறுத்துங்கன்னாரு. நிறுத்தியாச்சு. ஒரு வருசமாச்சு.

அதுல என் தப்பு என்ன இருக்குதுங்க? டாக்டரு சொன்னாரு, அவங்க நிறுத்துனாங்க.

குருமாங்களா? ஏங் கேக்கறீங்க? குருமாவுல என்ன, தேங்காய், கசகசா, சோம்பு, பொட்டுக்கடலை... எல்லாரும் போடறதுதான். ஒருவேளை மிக்ஸி ஜார்ல ஏதாச்சும் ஒட்டிட்டிருந்திருக்கலாம். அது அவங்க வூட்டு மிக்ஸிதான், அதுல எப்படிக் கடலைக்காய் ஒட்டும்னு கேப்பீங்க. ஆமா. ஒட்டாது.

நீங்க யாரோ, நான் யாரோ. அவினாசி தாண்டுனா உங்க வழி வேற, என் வழி வேற. உங்ககிட்டச் சொன்னா என்ன?

அன்னிக்குக் காலையில பஸ்ல கொறிக்கறதுக்கு ஒரு பிடி வறுத்த கடலைக்காய்ப் பருப்பு எடுத்துட்டுப் போயிருந்தேன். சின்னக் காயிதத்துல சுத்தி, ரவிக்கைக்குள்ள வெச்சிருந்தேன். பையைத்தானே சோதிப்பா. சும்மாதான் வெச்சிருந்தேன், எந்த யோசனையும் இல்லை. சமையக்கட்டுல தேங்காய் அரைக்கறப்ப, அவ உள்ள வந்து, "அண்ணி, உங்க ஊர்க் குருமாவுல கடலைக்காய் போடுவீங்கன்னு அவரு சொன்னாரு, போட்டுறாதீங்க"ன்னு சொன்னா. நல்லபடியாத்தாஞ் சொன்னா. ஆனா பின்னாடியே அவங்கம்மா வந்து நின்னு, "ஒருவாட்டிக்கு ரெண்டுவாட்டியாச் சொல்லு, மறந்துருவாங்க"ன்னாங்க. அவங்க எதுக்கு வாயைத் தொறக்கணும்? நான் வளத்த புள்ளை வூடு அது.

அவங்க அந்தப் பக்கம் போனதும் காயிதத்தைப் பிரிச்சேன். ஒரு பிடிதாங்க. முப்பது பேரு குருமாவுல ஒரு பிடி என்ன தெரியும்? கொஞ்சங் கொஞ்சமா உள்ள போனா ஒடம்பு பழகிக்கும்னு நெனைச்சேன். இதுவுந் தப்பா? நல்லதுக்குத்தானே? அவன் சாப்புட்டு ஒண்ணும் ஆகலைன்னா, சாயந்தரம் எல்லாரும் இருக்கறப்பச் சொல்லலாம்னு இருந்தேன். "இந்தா, உம் பையன் கடலைக்காய்க் குருமாதான் சாப்புட்டான், என்ன ஆயிருச்சு"ன்னு. எப்படிச் சொல்லணும், யாரைப் பாத்துச் சொல்லணும்னு வரைக்கும் மனசுக்குள்ள சொல்லிப் பாத்துட்டேன். சிரிச்ச மொகமாச் சொல்லணும்னு இருந்தேன்.

நாக்கு அரிக்குதுன்னான் பாருங்க, அப்பவே எனக்குத் தெரிஞ்சு போச்சு. தெரிஞ்சுதான் தண்ணி குடுத்தேன்.

அவங்க எல்லாரும் பையனைத் தூக்கிட்டு ஓடுன பின்னால நான் என்ன பண்ணுனேன் தெரியுங்களா? குருமாவைச் சாக்கடையில ஊத்தி, குண்டாவைத் தேச்சுக் கவுத்தேன். கரண்டியையுங் கழுவினேன். அதுக்கப்பறந்தான் ஆட்டோவைப் புடிச்சேன். அந்தக் கையி எப்படித்தான் வேலை செஞ்சுதோ. அத்தனை நேரமும் சாமி, சாமின்னு வாய் சொல்லிட்டிருந்துச்சு.

என்கிட்ட யாரும் ஒண்ணுங் கேக்கலீங்க.

இல்லை. கேட்டாரு. டாக்டரு கேட்டாரு. நான் போறப்பப் பையனுக்குப் பொகை புடிக்கற மூடியை மொகத்துல வெச்சிருந்தாங்க. நெஞ்சு உள்ள போயிப் போயி வருது. டாக்டரு சிந்துஜாகிட்ட, "கடலை ஏதாச்சும் உள்ள போச்சாம்மா? சொன்னா உடனே ஊசி போட்டுருவேன்"ங்கறாரு. அவ தலையில அடிச்சுட்டு, "எங்க வூட்டுக்குள்ளயே வராது டாக்டர்"ங்கறா. அவரு என் பக்கந் திரும்பி, "நீங்கதானம்மா சமைச்சது?"ன்னாரு. ஆமான்னேன். "கடலை போட்டீங்களா?"ன்னாரு. பூபதி என்னையே பாத்துட்டு நிக்கறான். ஏழு வயசுல எப்படிப் பாத்தானோ அதே பார்வை. நான் இல்லீங்கன்னுட்டேன்.

அவரு கொஞ்சம் யோசிச்சாரு. ஏதாச்சும் பூச்சி கடிச்சுதான்னு கேட்டாரு. திருப்பிப் போட்டுப் பாத்தாரு. அவன் ஒதடு நீலமாச்சு. அதைப் பாத்த பின்னாலதான் என்னவா இருந்தாலுஞ் சரின்னு ஊசியைப் போட்டாரு. எத்தனை நேரம் ஆச்சுன்னு எனக்குத் தெரியாது. அஞ்சு நிமிசமோ, பத்து நிமிசமோ. அந்த நேரம் பூராவும் என் வாயில பதிலு இருந்துச்சு அம்மிணி.

பொழைச்சுட்டான்ல? பொழைச்ச பின்னாலயாச்சும் சொல்லியிருக்கலாம்னு நீங்க நெனைக்கறீங்க. நானும் அப்படித்தான் நெனைச்சேன். நாளைக்குச் சொல்லிரலாம்னு இருந்தேன். அதுக்குள்ள பேக்கரிக்காரரு பையோட வந்துட்டாரு. அந்தாளு அழுகறப்பச் சொல்லியிருக்கணும். அப்பச் சொல்லாதவ அதுக்கப்பறம் எப்படிங்க சொல்றது? நாளு போகப் போக, சொல்லாத நாளுக்கும் சேத்துப் பதிலு சொல்லணுமே.

இதுல இன்னொண்ணு கேளுங்க. வூட்டுக்கு வந்ததும் சிந்துஜா என் ரெண்டு கையையும் புடிச்சுட்டா. "அண்ணி, இனிமே வெளிய இருந்து ஒண்ணும் வேண்டாம். எங்கம்மா சமையலு கூட வேண்டாம், அவங்களுக்கு மறதி. உங்க கைன்னா எனக்கு நம்பிக்கை. நீங்க மட்டும் வந்து செஞ்சு குடுங்க"ன்னு அழுதா. அன்னியோட என் பையைச் சோதிக்கறதில்லைங்க. வாசல்ல நிறுத்தறதில்லை. மாசம் ரெண்டு தடவை போறேன். பால் இல்லாம, கோதுமை இல்லாம ஒவ்வொண்ணாக் கண்டுபுடிச்சு செஞ்சு, டப்பா டப்பாவா நெறைச்சு வெச்சுட்டு வர்றேன். தேங்காப்பால்ல காப்பி, கேவுறு பிஸ்கோத்து, சாமைப் பணியாரம். அந்த அப்பார்ட்மெண்டுல பொம்பளைக எங்கிட்ட எழுதி வாங்கிட்டுப் போறாங்க. பூபதி வாயெல்லாம் பல்லாச் சொல்லுவான், எங்கக்காவாட்டம் யாருமில்லைன்னு. எனக்கும் பெருமையாத்தான் இருக்கும். அந்த நேரத்துக்குப் பெருமையா இருக்கும். அப்பறம் பையன் வந்து உக்காந்து, வெச்சதைச் சாப்புட்டு எந்திரிச்சுப் போவான்.

அடுத்த மாசம் ஒரு பெரிய டாக்டருகிட்டக் கூட்டிட்டுப் போறாங்க. அவரு கேட்டிருக்கறாராம், அன்னிக்கு என்னென்ன சாப்புட்டான்னு ஒண்ணு விடாம எழுதிட்டு வாங்கன்னு. சிந்துஜா போன வாரம் போன் பண்ணி, "அண்ணி, உங்களுக்குத்தான் ஞாபகம் இருக்கும்"னா. உக்காந்து எழுதினேன். குருமாவுல மட்டும் பதினோரு சாமான். இஞ்சி, பூண்டு, பட்டை, கிராம்பு ஒண்ணு விடல. உப்பு கூட எழுதினேன். எழுதி முடிச்சுப் போட்டோ புடிச்சு அனுப்பிவிட்டேன். "எவ்வளவு ஞாபகம் அண்ணி உங்களுக்கு"ன்னு பதிலு போட்டிருந்தா.

அவ நல்லவதானுங்க. நாந்தான் அவளை... சரி. இந்தத் தடவை சொல்லிருவேன். நாளைக்கு விசேசம் முடியட்டும். நல்ல நாளு அதுவுமா எதுக்குங்க? எல்லாருஞ் சாப்புட்டுப் போன பின்னாடி, பூபதியையும் அவளையும் உக்கார வெச்சு... இல்லாட்டி டாக்டருகிட்டப் போறதுக்கு முன்னாடி. பூபதி என்ன சொல்லுவானோ. பேக்கரி வாசல்ல நின்னு கத்துனான்னு சொன்னனே, அந்த மாதிரி என்னைய அவன் பேச மாட்டான். பேசவே மாட்டான். அதுதாங்க எனக்குப் பயம். எனக்கு வேற யாரு இருக்கறாங்க?

இருங்க, போன் அடிக்குது. அவங்கதான். சத்தமாப் பேசினா தப்பா எடுத்துக்காதீங்க, பஸ்ஸுக்குள்ள காது கேக்காது.

"சொல்லு கண்ணு, அத்தைதான். வந்துட்டே இருக்கறேன் சாமி. அவினாசிகிட்ட வந்துட்டேன். ஆமா, கேக்கு செய்யறேன். ஆமா, பெருசாத்தான். என்ன? சத்தமாச் சொல்லு... பாலா? நாளைக்கு மட்டுமா? ஒரு டம்ளரா? அம்மா என்ன சொன்னாங்க? என்கிட்டயா கேக்கச் சொன்னாங்க? அத்தை சரின்னா குடிச்சுக்கோன்னாங்களா?

...

வேண்டாஞ் சாமி. உனக்கு ஆகாது கண்ணு. அத்தை தேங்காப்பால்ல பாயசம் வெச்சுத் தர்றேன், என்ன? சரியா? வெச்சுரு கண்ணு."

சரிங்கத்தைன்னு சொல்லி வெச்சுட்டான். அழுகக்கூட இல்லீங்க. கொஞ்சம் அழுது அடம் புடிச்சிருந்தான்னா சொல்லியிருப்பேன் அம்மிணி. சத்தியமாச் சொல்லியிருப்பேன்.